மோட்டாரை எங்கே வைப்பது? லெகோ துண்டுகளில் பாறை ஏறும் வண்டிக்கு மூன்று வழிகள்

லெகோ டெக்னிக் துண்டுகளால் பாறை ஏறும் ரிமோட் வண்டி கட்ட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது மோட்டாரைப் பற்றித்தான்: நடுத்தர அளவான எல் போதுமா, பெரிய எக்ஸ்எல் வேண்டுமா? நானும் அப்படித்தான் தொடங்கினேன். இருப்பதிலேயே வலுவானது எக்ஸ்எல் என்று இரண்டை வாங்கி, வண்டியின் நடுவே வைத்து, அங்கேயே 3:1 வேகக் குறைப்பும் (வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் கியர் ஏற்பாடு) கொடுத்து, நீளமான தண்டு ஒன்றின் வழியே இரு அச்சுகளுக்கும் இணைத்தேன். ஒரு செங்கல்லின் மேல் முன் சக்கரங்கள் ஏறின. பின் சக்கரம் செங்கல்லில் முட்டியதும் 'டக்' என்று ஓர் ஒலி. மோட்டார்கள் சுற்றிக்கொண்டே இருந்தன, வண்டி அசையவில்லை. பிரித்துப் பார்த்தால், பின்பக்கத் தண்டு கயிறு திரித்ததுபோல் முறுகியிருந்தது. அதன் முனையிலிருந்த யூனிவர்சல் ஜாயின்ட் (கோணம் மாறினாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டு) இரண்டாகப் பிளந்து கிடந்தது.

மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. பிளாஸ்டிக் தாங்கக்கூடியதைவிட அதிக விசையை அதன் வழியே அனுப்பியது நான்தான். அன்றிலிருந்து யார் கேட்டாலும், எந்த மோட்டார் என்பதை ஒத்திப்போட்டுவிட்டு, எங்கே மோட்டார், எங்கே வேகக் குறைப்பு என்பதை முதலில் முடிவுசெய்யச் சொல்கிறேன். அதற்கு மூன்று வழிகள் உண்டு: நடுவில் வைப்பது, அச்சுக்கு ஒன்று வைப்பது, சக்கரத்துக்கு ஒன்று வைப்பது.

எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், இணைப்புகளின் மேல் விழும் முறுக்குவிசை. இதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். வண்டியின் எடை 2 கிலோ, டயரின் விட்டம் 94.8 மி.மீ. என்று கொள்வோம். 45 பாகைச் சரிவில் வண்டியைப் பிடித்து நிறுத்தவே ஏறத்தாழ 14 நியூட்டன் விசை வேண்டும். டயரின் ஆரம் 4.74 செ.மீ. என்பதால், எல்லாச் சக்கரங்களிலும் சேர்த்து 66 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்குவிசை தேவை. மோட்டார் பக்கம் கிடைப்பதில் 40 சதவீதம் உராய்வில் போய்விடும் என்று நான் ஒதுக்கிவிடுவேன். அப்படிப் பார்த்தால் 110 ஆகிறது.

லெகோவின் பழைய பவர் ஃபங்ஷன்ஸ் வரிசை மோட்டார்கள் 9 வோல்ட்டில் தருவது ஏறத்தாழ இவ்வளவு:

| மோட்டார் | சுமையில்லா வேகம் (நிமிடத்துக்குச் சுற்று) | நிற்கும்போது முறுக்குவிசை (நி.செ.மீ.) | எடை (கிராம்) |
|---|---|---|---|
| எம் | 405 | 11 | 31 |
| எல் | 390 | 18 | 42 |
| எக்ஸ்எல் | 220 | 40 | 69 |

நிற்கும்போது தரும் விசையை நம்பி வண்டி கட்டக் கூடாது. அந்த நிலையில் மோட்டார் சூடேறி, உள்ளிருக்கும் வெப்பப் பாதுகாப்பு மின்சாரத்தைக் குறைத்துவிடும். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. இரண்டு எல் மோட்டார்களுக்கு அது 12 நி.செ.மீ. நமக்கு வேண்டியது 110. ஆகவே 9:1 அளவுக்கு வேகக் குறைப்பு தேவை. அந்தக் குறைப்பில் சக்கரம் நிமிடத்துக்கு 30 சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றும். நொடிக்கு ஏறத்தாழப் பதினான்கு சென்டிமீட்டர் நகர்வு. பாறை ஏற இது சரியான வேகம். இதைவிட விரைந்தால் துள்ளும்.

இனிதான் விஷயமே. 9:1 முழுவதையும் மோட்டாரின் அருகிலேயே செய்துவிட்டால், ஏதோ ஒரு சக்கரம் சிக்கி மோட்டார்கள் நிற்கும் நொடியில் தண்டின் மேல் 36 × 9, அதாவது 324 நி.செ.மீ. விழலாம். அதே 9:1-ஐ இரண்டாகப் பிரித்து, மோட்டாரின் அருகே 12 பல்லுக்கு 20 பல், சக்கரத்தின் குடத்தில் 5.4:1 என்று வைத்தால், நடுத்தண்டு காண்பது 60 மட்டுமே. மோட்டார் அதேதான், வேகம் அதேதான். இணைப்புகளின் ஆயுள் மட்டும் வேறு. 2019-இல் 42099 என்ற எண்ணுள்ள வண்டியோடு வந்த கோள்கியர் குடம் (நடுக் கியரைச் சுற்றிச் சிறு கியர்கள் ஓடும் சக்கரக் குடம்) இந்த 5.4:1-ஐத் தருகிறது. அதற்கு முன், 2011-இல் யூனிமாக் லாரியோடு வந்த போர்ட்டல் குடத்தைத்தான் எல்லோரும் நம்பியிருந்தோம். அதில் 8 பல்லும் 24 பல்லும் போட்டால் 3:1 கிடைக்கும். கூடவே அச்சு 16 மி.மீ. மேலே தூக்கப்படுவதால் வயிறு கல்லில் உரசாது. கோள்கியர் குடம் அச்சைத் தூக்குவதில்லை. எது வேண்டும் என்பது வண்டி ஏறப்போகும் கல்லைப் பொறுத்தது: கூரிய, இடைவெளி விட்டுக் கிடக்கும் கற்களுக்குப் போர்ட்டல், செங்குத்தான, வழவழப்பான சரிவுக்குக் கோள்கியர்.

இரண்டாவது அளவுகோல், பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு எவ்வளவு விசை போய்ச் சேருகிறது என்பது. பாறையில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் அழுத்தமாகப் பதிந்திருப்பது அரிது. ஒன்று காற்றில் இருக்கும், ஒன்று மண்ணில் வழுக்கும். இந்தக் காரணத்தால், இடவலச் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் என்ற கியர் அமைப்பை மூன்று வழிகளிலும் ஒதுக்கிவிடுகிறேன். எளிதாகச் சுற்றும் சக்கரத்தைச் சுற்றவிட்டுவிட்டு, பிடிமானம் உள்ளதைச் சும்மா நிறுத்திவைப்பது அதன் இயல்பு. அது இல்லாவிட்டால் திருப்பங்களில் டயர் தேயும், வண்டி அகலமாகத் திரும்பும். ஏற வேண்டிய வண்டிக்கு இது பெரிய இழப்பன்று.

மூன்றாவது, எடை எங்கே இருக்கிறது என்பது. பக்கச் சரிவில் வண்டி எப்போது கவிழும் என்பதை இரண்டு நீளங்கள் முடிவுசெய்கின்றன: சக்கர அகலத்தில் பாதி, ஈர்ப்பு மையத்தின் உயரம். பாதி அகலம் 90 மி.மீ., உயரம் 110 மி.மீ. என்றால் 39 பாகையில் கவிழும். அதே வண்டியின் ஈர்ப்பு மையத்தை 80 மி.மீ.க்கு இறக்கினால் 48 பாகை வரை தாங்கும். ஓடும் காரில் அச்சின் எடை கூடினால் குலுக்கல் கூடும் என்று அஞ்சுவார்கள். நத்தை வேகத்தில் போகும் இந்த வண்டியில் அந்த அச்சம் தேவையில்லை. அச்சில் ஏறும் எடை தாழ்வான எடை, ஆகவே நல்ல எடை.

மின்சாரமும், பழுதானால் பிரித்துப் பூட்டும் எளிமையும் மீதி அளவுகோல்கள். அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

நடுவில் மோட்டார், தண்டு வழியே இரு அச்சுக்கும்

நிஜ ஜீப்பின் அமைப்பு இது. மோட்டார்கள் சேஸிஸில் இருக்கும். முன்னும் பின்னும் தண்டுகள் போகும். ஒவ்வொரு தண்டின் முனையிலும் யூனிவர்சல் ஜாயின்ட் இருக்கும்.

இதன் பெரிய பலம், எல்லாம் ஒன்றோடொன்று பூட்டப்பட்டிருப்பது. மூன்று சக்கரங்கள் காற்றில் தொங்கினாலும், இரண்டு மோட்டார்களின் விசையும் நான்காவது சக்கரத்துக்கே போகும். மற்ற இரு வழிகளாலும் இதைச் செய்ய முடியாது. அச்சுகள் மெலிதாக இருக்கும் என்பதால் தரை இடைவெளியும் தாராளம். ஓட்டுபவர் கையில் ஒரே ஒரு விசை, பழகுவதும் எளிது.

மறைந்திருக்கும் செலவு தண்டில் இருக்கிறது. அச்சு மேலும் கீழும் ஆடும்போது சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடையிலான தூரம் மாறும். தண்டு அந்த மாற்றத்துக்கு ஈடுகொடுத்து நீளவும் குறுகவும் வேண்டும். இல்லாவிட்டால் ஜாயின்ட் கழன்று விழும். அச்சின் பந்து மூட்டையும் யூனிவர்சல் ஜாயின்ட்டையும் ஒரே புள்ளியில் சுழலுமாறு அமைத்தால் சிக்கல் பெருமளவு தீரும். சொல்வதற்கு ஒரு வரி. கட்டுவதற்கு எனக்கு இரண்டு வாரம் ஆனது. இன்னொன்று, தண்டின் முறுக்குவிசை சேஸிஸைத் திருகும். ஏறும்போது முன்பக்கச் சக்கரங்களில் ஒன்று தானாக மேலே எழுவதைக் கண்டால், ஸ்பிரிங்கைக் குறைசொல்லாதீர்கள். அது தண்டின் வேலை. குடத்தில் வேகக் குறைப்பு இருந்தால் தண்டின் விசை குறையும், இந்தத் திருகலும் அடங்கும்.

அகலமான 12 பல் கியர்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பல் தாவும் இடமும் இதுவே. தண்டு அச்சுக்குள் நுழைந்து 90 பாகை திரும்பும் மூலையை இரு பக்கமும் இறுகக் கட்டுங்கள். அங்கே நான்கு முனை கொண்ட உருண்டைக் கியர்களைப் போட்டால் பல் தாவுவது அரிது. கொஞ்சம் கரடுமுரடாகச் சுற்றும், ஆனால் விடாது.

சஸ்பென்ஷன் அதிகம் ஆடாத, தோற்றத்தில் நிஜ வண்டியை ஒத்திருக்க வேண்டிய, உள்ளே இருக்கையும் ஸ்டியரிங்கும் வைத்து அழகுபார்க்கும் வண்டிக்கு இதுவே ஏற்றது. கைவசம் இரண்டே மோட்டார் இருந்து, கடினமான ஏற்றங்களில் கடைசிச் சொட்டு விசையும் தேவைப்பட்டால், அப்போதும் இதுதான்.

அச்சுக்கு ஒரு மோட்டார்

மோட்டார் அச்சின் மேலேயே உட்கார்ந்துவிடும். சேஸிஸிலிருந்து அச்சுக்குப் போவது மின்கம்பி மட்டுமே. நீளத் தண்டு இல்லை, அதன் ஜாயின்ட் இல்லை, நீளம் மாறும் சிக்கல் இல்லை, சேஸிஸைத் திருகும் விசையும் இல்லை. மோட்டாரின் விசை அச்சின் சட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

2 கிலோ வண்டிக்கு நான் விரும்பும் சேர்க்கை, அச்சுக்கு ஒரு எக்ஸ்எல், குடத்தில் 5.4:1, வேறு குறைப்பே இல்லை. கணக்கைப் பாருங்கள்: எக்ஸ்எல் தொடர்ந்து தரக்கூடியது 13 நி.செ.மீ.; 5.4-ஆல் பெருக்கி, உராய்வைக் கழித்தால் அச்சுக்கு 42 அளவில் வரும். இரண்டு அச்சுக்கும் 84. சரிவுக்கு வேண்டியது 66. கியர்களின் எண்ணிக்கை மிகக் குறைவு என்பதால், என் 40 சதவீத ஒதுக்கீடுகூட இங்கே அதிகப்படிதான்.

எடையும் இந்த வழியில் தானாகக் கீழே போகிறது. இரண்டு எக்ஸ்எல் மோட்டார்கள் சேர்ந்து 138 கிராம். அத்தனையும் சக்கரத்தின் உயரத்தை ஒட்டியே இருக்கும். பேட்டரியை முன் அச்சின் மேல் சாய்த்து வைத்தால், ஏறும்போது பின்னால் சரியும் எடைக்கு ஈடாகும்.

நான் இந்த வழிக்கு மாறியதற்கு இன்னொரு காரணம் உண்டு. முன் மோட்டாரையும் பின் மோட்டாரையும் தனித்தனி இணைப்பில் கொடுத்தால், பின் அச்சை நிறுத்திவைத்து முன் அச்சை மட்டும் ஓட்டலாம். பின் சக்கரங்கள் நங்கூரம்போல் நிற்க, மூக்கு பக்கவாட்டில் இழுபட்டு, வண்டி நின்ற இடத்திலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். டிஃபரென்ஷியலைத் துறந்ததால் வந்த அகலத் திருப்பம் இதோடு தீர்ந்தது.

குறைகள் இல்லாமலில்லை. எக்ஸ்எல் மோட்டார் 5 × 5 × 6 ஸ்டட் (லெகோ துண்டின் ஒரு குமிழ் அகலம்) அளவுள்ள தடித்த பெட்டி. அதை அச்சின் கீழே தொங்கவிட்டால் முதல் கல்லிலேயே முட்டும். மேலே வைத்தால், அச்சு எழும்போது சேஸிஸில் இடிக்கும். ஆகவே சேஸிஸை உயர்த்த வேண்டியிருக்கிறது. மோட்டாரால் தாழ்ந்த ஈர்ப்பு மையத்தில் ஒரு பகுதி இப்படித் திரும்பப் போய்விடுகிறது. ஒல்லியான எல் மோட்டாரோடு குடத்துக்கு முன் இன்னொரு சின்னக் குறைப்பைச் சேர்ப்பது இடம் மிச்சப்படுத்தும் சமரசம். ஆனால் அதன் விசை குறைவு, வண்டி 1.5 கிலோவுக்கு உள்ளே இருந்தால்தான் ஒத்துவரும். அடுத்தது கம்பி. அச்சு முழுதாக ஆடும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வு வேண்டும், அந்தத் தளர்வு சக்கரத்தில் சிக்கவும் கூடாது. மூன்றாவது, ஒரு அச்சு முழுவதும் காற்றில் இருந்தால் அந்த மோட்டாரின் விசை வீண். மற்ற அச்சுக்கு அதைக் கடன் தர முடியாது.

சஸ்பென்ஷன் தாராளமாக ஆட வேண்டும், தோற்றம் எப்படியிருந்தாலும் சரி, ஏறினால் போதும் என்கிறவர்களுக்கு இந்த வழி. பழுதுபார்ப்பதிலும் இதற்கு இணையில்லை. நான்கு பின்களைக் கழற்றினால் அச்சு முழுவதும் கையோடு வந்துவிடும்.

சக்கரத்துக்கு ஒரு மோட்டார்

காகிதத்தில் இதுதான் வெற்றியாளர். நான்கு சக்கரம், நான்கு மோட்டார்; நடுவில் கியர் மூலையே இல்லை; ஒவ்வொரு சக்கரமும் தன்னிச்சையாக எழலாம், தாழலாம். அச்சு என்ற ஒன்றே தேவைப்படாததால் வயிற்றின் கீழ் முழுவதும் வெற்றிடம்.

ஆனால் இரண்டாவது அளவுகோலில் இது தோற்கிறது. நான்கு எல் மோட்டார்களைத் தனித்தனியாக வைத்தால், பிடிமானமுள்ள ஒற்றைச் சக்கரத்துக்குக் கிடைப்பது ஒரே மோட்டாரின் விசை. இரண்டு எல் மோட்டார்களை நடுவில் பூட்டியிருந்தால், அதே சக்கரத்துக்கு இரண்டின் விசையும் கிடைத்திருக்கும். இரு மடங்கு மோட்டார் வாங்கி, தேவைப்படும் நொடியில் பாதி விசை பெறுவது எனக்கு உறுத்துகிறது.

மின்சாரமும் இடிக்கும். ஓர் எல் மோட்டார் சிக்கி நின்றால் ஏறத்தாழ 1.3 ஆம்பியர் இழுக்கும். நான்கும் ஒரே நேரத்தில் திணறினால் 5 ஆம்பியரைத் தாண்டும். ஆறு ஏஏ பேட்டரி பெட்டி அதற்கு ஒத்துழைக்காது. பாதுகாப்பு விழுந்து வண்டி பாறையின் நடுவே உறங்கிவிடும். மேலும், முன் சக்கரங்கள் திரும்ப வேண்டும். மோட்டாரையும் சேர்த்துத் திருப்பினால் ஸ்டியரிங் மோட்டாரின் சுமை கூடும். திருப்பாமல் விட்டால் நடுவில் மீண்டும் ஒரு ஜாயின்ட் வரும், எதைத் தவிர்க்க இந்த வழிக்கு வந்தோமோ அதுவே.

ஆறு சக்கர வண்டிக்கும், நிலவில் ஊரும் ஊர்தியைப் போன்ற மாதிரிக்கும் இது பொருந்தும். ஸ்டியரிங்கே இல்லாமல் இடவல மோட்டார்களின் வேக வேறுபாட்டால் திரும்பும் வண்டிக்கும் சரி. நான்கு சக்கரக் கிராலருக்கு, அதாவது நம் பாறை ஏறும் வண்டிக்கு, நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிமோட்: சுருக்கமாக

மோட்டார் இடத்தை முடிவுசெய்த பிறகே இதற்கு வர வேண்டும், ஏனென்றால் தனித்தனியாக இயக்க எத்தனை மின் இணைப்புகள் வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். முதல் வழிக்கு, ஓட்டத்துக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று என்று இரண்டு போதும். இரண்டாவது வழிக்கு மூன்று. மூன்றாவதற்கு, மோட்டார்களை எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, மூன்று முதல் ஐந்து.

2007-இல் வந்து இப்போது தயாரிப்பில் இல்லாத பவர் ஃபங்ஷன்ஸ் அகச்சிவப்புக் கதிரில் இயங்குகிறது. வீட்டுக்குள் புத்தக அடுக்கின் மேல் ஏறுவதற்குக் குறையில்லை. வெயிலில் அந்தக் கதிர் திணறும்; வண்டி கல்லின் மறைவுக்குப் போனாலும் தொடர்பு அறுந்துபோகும். பாறை இருப்பதோ பெரும்பாலும் வெளியில். ஒரு ரிசீவருக்கு இரண்டு இணைப்புதான் என்பதால் இரண்டாவது வழிக்கு இரண்டு ரிசீவர்கள் வேண்டும். சாதாரணக் கை ரிமோட் முழு வேகம் அல்லது நிறுத்தம் என்ற இரண்டையே அறியும். படிப்படியாக வேகம் கூட்டக் குமிழ் வைத்த ரிமோட் தேவை. கிராலருக்கு அது இல்லாமல் ஆகாது.

பவர் ஃபங்ஷன்ஸுக்குப் பின் வந்த லெகோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியான டெக்னிக் ஹப் புளூடூத்தில் பேசுகிறது, நான்கு இணைப்பு தருகிறது, அதன் மோட்டார்களுக்குத் தாம் எவ்வளவு சுற்றினோம் என்பது தெரியும். அதனால் ஸ்டியரிங்குக்குத் தனி சர்வோ (சொன்ன கோணத்தில் நிற்கும் மோட்டார்) தேவையில்லை. விலையாகக் கைபேசியைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கண் திரையிலும் கால் கல்லிலும் இருக்கும். பைபிரிக்ஸ் என்ற திறந்த மென்பொருளை ஹப்பில் ஏற்றினால் பொத்தான் உள்ள கை ரிமோட்டோடு அதை இணைக்கலாம். கொஞ்சம் நிரல் எழுதத் துணிந்தவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். பழைய மோட்டார்களைக் கைவசம் வைத்திருப்பவர்களுக்கு எஸ்பிரிக், பூவிஸ் போன்ற பிற நிறுவனங்களின் புளூடூத் பெட்டிகள் இருக்கின்றன. பூவிஸ் பெட்டிக்குள்ளேயே லித்தியம் பேட்டரியும் அடங்கிவிடுவதால் எடை மிச்சம். அதில் கூடுதல் வோல்ட் தரும் நிலையும் உண்டு. அதைத் தொடும்முன் மேலே போட்ட 324 கணக்கை இன்னொரு முறை பாருங்கள்.

எந்த வழியை எடுத்தாலும், மேல்கூடு கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியைத் தூக்கிப் பிடித்து, ஒரு சக்கரத்தைக் கையால் இறுகப் பற்றி, மோட்டாரை மெதுவாக இயக்குங்கள். மோட்டார் முதலில் நின்றால் நல்லது. அதற்கு முன் எங்கேயாவது 'டக்' என்று கேட்டால், ஒலி வந்த இடத்தை விரலால் தொட்டு அடையாளம் வைத்துக்கொண்டு, அங்கிருந்து சக்கரம் வரையுள்ள பாதையில் இன்னும் எவ்வளவு வேகக் குறைப்பைத் தள்ளிவைக்க முடியும் என்று பாருங்கள்.